உழவு இயந்திரமும் மூச்சு விட வேண்டும்
ரேடியேற்றரை வீட்டிலேயே துப்புரவு செய்வது எப்படி?

தை மாதத்து நண்பகல். மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த உழவு இயந்திரம் களத்தின் ஓரத்தில் நின்று சூடடிக்கும் மெசினைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. கூளமும் பதரும் தூசியும் களமெங்கும் பறக்கின்றன. பாதிச் சூடு இன்னும் அடிபடவில்லை. வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்து வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது. ரேடியேற்றர் மூடியின் ஓரத்தால் ஆவி சீறுகிறது. அவசரப்பட்ட இளைஞன் ஒருவன் ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மூடியைத் திறக்க ஓடுகிறான்.

"தம்பி, தொடாதை! முகம் வெந்து போகும்!" என்று பெரியவர் ஒருவர் கத்துகிறார்.

இத்தகைய காட்சியை எமது வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். அன்று மாலை மெக்கானிக்கைத் தேடிப் போவோம். அவர் வந்து பார்ப்பார். பல வேளைகளில் எஞ்சினில் பழுது எதுவும் இராது. ரேடியேற்றரின் முன் வலையில் ஒரு விரற்கடை தடிப்பில் கூளம் ஒட்டியிருக்கும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு தூரிகையும் அரை மணி நேரமும் போதுமாயிருந்த வேலைக்கு ஒரு நாள் உழைப்பும் வாடகையும் போய்விடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உழவு இயந்திரம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக நகர்ந்தபோதும், பல குடும்பங்களின் வீடே உழவு இயந்திரப் பெட்டியில்தான் போனது. அந்த இயந்திரங்களில் பல திரும்பி வரவில்லை. இன்று கையில் இருப்பது பெரும்பாலும் பழையது. அல்லது கடனில் வாங்கியது. அல்லது பல குடும்பங்களுக்குப் பொதுவானது. அது ஒரு கிழமை நின்றுவிட்டால் மழை காத்திருக்காது, விதைப்பும் காத்திருக்காது. ஆகையால் இந்தப் பாடத்தை வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து படியுங்கள். இது ஆண்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல. சட்டி பானையைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரிந்த எவரும் ரேடியேற்றரையும் துப்புரவாக வைத்திருக்கலாம்.

எஞ்சின் ஏன் சூடாகிறது?

நாம் ஊற்றும் டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாயால் வெளியேறுகிறது. மிச்சச் சூட்டின் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து செல்ல வேண்டும். தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேற்றருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களுக்குள்ளால் இறங்குகிறது. அக்குழாய்களைச் சுற்றிக் காகிதம் போன்ற மெல்லிய தகட்டு மடிப்புகள் உள்ளன. விசிறி இழுக்கும் காற்று அம்மடிப்புகளுக்கிடையே புகுந்து சூட்டைக் கொண்டு போகிறது.

ஆகவே இங்கே இரண்டு ஓட்டங்கள் உண்டு. உள்ளே தண்ணீரின் ஓட்டம். வெளியே காற்றின் ஓட்டம். இரண்டில் எது தடைப்பட்டாலும் எஞ்சின் கொதிக்கும். நாம் எப்போதும் தண்ணீரைத்தான் பார்க்கிறோம். மூடியைத் திறந்து தண்ணீர் நிறைந்திருக்கிறது என்றால் மனம் ஆறிவிடுகிறோம். காற்று போகும் வழியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. கமக்காரனின் இயந்திரம் ஓடுவதோ தூசியிலும் கூளத்திலும்தான். எனவே முதலில் அடைபடக்கூடியது காற்றின் வழியே.

கவனியாது விட்டால் என்ன நடக்கும்? மிஞ்சிய சூட்டினால் எஞ்சினின் தலைப்பகுதி வளையும். அதற்குக் கீழே உள்ள காஸ்கற் எரியும். தண்ணீர் எண்ணெயுடன் கலக்கும். அப்போது எண்ணெய் பால் விட்ட தேநீர் போல நிறம் மாறும். அதன் பின் தூரிகையால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

உங்கள் இயந்திரம் எந்த வகை?

துப்புரவு செய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ரேடியேற்றர் வகை. மசி பேர்குசன் 135 போன்ற நான்கு சில்லு உழவு இயந்திரங்கள், லொறிகள், வான்கள், இருசில்லு இயந்திரங்களில் ஒரு பகுதி ஆகியன இவ்வகை.

2. தண்ணீர்த் தொட்டி வகை. நாம் லான்ட்மாஸ்ரர் என்று பொதுவாக அழைக்கும் இருசில்லு இயந்திரங்கள் சிலவற்றில் எஞ்சினின் மேலே திறந்த தொட்டி ஒன்று இருக்கும். இதில் தண்ணீர் கொதித்து ஆவியாவதாலேயே எஞ்சின் ஆறுகிறது. எனவே கொதிப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். மட்டம் காட்டும் மிதவை இறங்கும்போது தண்ணீர் விட்டால் போதும்.

3. காற்றால் ஆறும் வகை. தோட்டத்துக்கு இறைக்கும் சிறிய மண்ணெண்ணெய், பெற்றோல் பம்புகள் பெரும்பாலும் இவ்வகை. இவற்றில் தண்ணீர் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு மடிப்புகளும் விசிறியுமே எஞ்சினைக் காக்கின்றன.

செலவில்லாத இரு சோதனைகள்

காகிதச் சோதனை: இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஒரு பத்திரிகைத் தாளை ரேடியேற்றரின் முன் வலைக்கு அருகே பிடியுங்கள். விசிறியின் பக்கம் கையையோ தாளையோ கொண்டு போகக் கூடாது. தாள் வலையில் ஒட்டிக்கொண்டால் காற்று அப்பக்கத்தால் உள்ளே போகிறது. தாளைப் பல இடங்களில் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஒட்டாத இடத்தில் அடைப்பு உண்டு.

வெளிச்சச் சோதனை: இரவில், எஞ்சினை நிறுத்தி ஆறிய பின், ஒருவர் விசிறிப் பக்கத்தில் ரோச் லைற்றைப் பிடிக்க, மற்றவர் முன்னால் நின்று பார்க்கட்டும். வெளிச்சம் சல்லடையால் வருவது போல் வந்தால் நல்லது. இருட்டாகத் தெரியும் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்

எஞ்சின் முற்றாக ஆறட்டும். சாவியைக் கழற்றி உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விசிறிக்குள் கையை வைத்திருக்கும்போது பிள்ளை ஒன்று ஸ்ராட் பண்ணிவிட்டால் விரல்கள் போய்விடும். சில புதிய வாகனங்களில் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பின்னும் அது தானாகச் சுழலும். அவற்றில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டே கையை வைக்க வேண்டும்.

தேவையானவை: மயிர் மெதுவான பூச்சுத் தூரிகை, பழைய பல்தூரிகை, சைக்கிள் பம், ஒரு வாளி தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத் தூள், சிறு மூங்கிற் சிம்பு, மூடிக் கட்டப் பழைய பொலித்தீன் பைகள். கம்பித் தூரிகை வேண்டாம். அது மெல்லிய தகடுகளைக் கிழித்துவிடும்.

வெளிப்புறத்தைத் துப்புரவு செய்தல்

1. முன் வலையைக் கழற்றித் தனியே கழுவி வெயிலில் வையுங்கள்.

2. முதலில் காய்ந்த துப்புரவு. கூளத்தையும் பதரையும் கையாலும் தூரிகையாலும் எடுங்கள். தகட்டு மடிப்புகள் ஓடும் திசையிலேயே தூரிகையை இழுங்கள். குறுக்கே தேய்த்தால் மடிப்புகள் சாயும். இந்தப் படியை விட்டுவிட்டு எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு. அப்போது தூசி சேறாகி மடிப்புகளுக்குள் இறுகிவிடும். அது காய்ந்தால் சுவருக்குப் பூசிய களிமண்தான்.

3. அடுத்து ஊதுதல். இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள். குப்பை முன்பக்கத்தால் உள்ளே வந்தது. வந்த வழியாலேயே அதை வெளியே அனுப்ப வேண்டும். எனவே விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி ஊதுங்கள். முன்னாலிருந்து ஊதினால் குப்பை இன்னும் ஆழத்துக்குப் போகும். சைக்கிள் பம்பின் குழாயைத் தகட்டுக்கு நேராகப் பிடித்து மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக ஊதி வாருங்கள்.

4. எயார் கிளீனர் வாயையும், டைனமோவையும், மின் வயர் இணைப்புகளையும் பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள். பின் அதே திசையில், விசிறிப் பக்கத்திலிருந்து, மெதுவான தண்ணீரை விடுங்கள். வாளியும் செம்பும் போதும். அழுத்தமாகப் பீச்சும் இயந்திரத்தால் கழுவுவதானால் நன்றாகத் தள்ளி நின்று நேராக அடியுங்கள். கிட்ட நின்று சாய்த்து அடித்தால் மடிப்புகள் எல்லாம் படுத்துவிடும்.

5. எண்ணெய் பட்டுத் தூசி பசைபோல் ஒட்டியிருந்தால் சவர்க்காரத் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் கொண்டு கழுவ வேண்டாம். தீ ஆபத்து உண்டு. றப்பர்க் குழாய்களும் ஊதி மெலியும். பாத்திரம் விளக்கும் கோஸ்ரிக் சோடாவும் வேண்டாம். இன்றைய ரேடியேற்றர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. கோஸ்ரிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும்.

6. சாய்ந்த மடிப்புகளை மூங்கிற் சிம்பினால் ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். தண்ணீர் ஓடும் குழாயில் சிம்பு குத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வான், கார் போன்றவற்றில் ரேடியேற்றருக்கு முன்னால் குளிரூட்டியின் கூடு ஒன்று இருக்கலாம். சில இயந்திரங்களில் எண்ணெய் ஆற்றும் கூடு இருக்கும். இரண்டு கூடுகளுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய வெளியே குப்பையின் ஒளிப்பிடம். அங்கேயும் ரோச் அடித்துப் பாருங்கள்.

8. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, கட்டிய பைகளை அவிழ்த்துவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டுக் காயவிடுங்கள். மீண்டும் காகிதச் சோதனை செய்யுங்கள்.

இந்த வேலையோடு சேர்த்து விசிறிப் பெல்றையும் பாருங்கள். இரண்டு கப்பிகளுக்கும் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் சோம்பலாகச் சுழலும். ரேடியேற்றர் எவ்வளவு துப்புரவாக இருந்தும் பயனில்லை.

இறைப்புப் பம்பு வைத்திருப்போர் விசிறியை மூடியிருக்கும் தகர உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நின்ற பம்பில் எலி கூடு கட்டும். குளவி மண் அப்பும். மடிப்புகளுக்கு இடையிலிருப்பதைச் சிம்பினால் நோண்டித் தூரிகையால் தட்டுங்கள். உறையைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். உறை இல்லாவிட்டால் விசிறியின் காற்று சிலிண்டருக்குப் போகாமல் சிதறிவிடும்.

உட்புறம்: என்ன தண்ணீர் விடுகிறோம்?

உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது. கொதிக்கக் கொதிக்க அது வெள்ளையாகப் படியும். கேத்தலில் படிவதே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அந்தப் படிவு போர்வை போலச் சூட்டை உள்ளே பிடித்து வைக்கிறது. மெல்லிய குழாய்களை அடைக்கிறது. கடலோரக் கிராமங்களின் உவர் நீர் அதனினும் கெட்டது. அது உலோகத்தை அரித்துவிடும். எனவே மழைநீரைத் துப்புரவாகப் பிடித்து இரண்டு மூன்று கலன்கள் இயந்திரத்துக்கென ஒதுக்கி வையுங்கள். கூரையின் முதல் மழையைக் கழுவிப் போகவிட்டு அதன் பிறகு பிடியுங்கள்.

போகத்துக்கு ஒரு முறை உள்தண்ணீரை மாற்றலாம். எஞ்சின் இளஞ்சூடாய் இருக்கும்போது மூடியை எடுத்து, ரேடியேற்றரின் அடியிலுள்ள வடிகுழாயையும், எஞ்சின் பக்கவாட்டில் ஒன்று இருந்தால் அதையும் திறவுங்கள். வடியாவிட்டால் குழாயைக் கழற்றித் துவாரத்தைக் கம்பியால் குத்திவிடுங்கள். பின் நல்ல தண்ணீரை மேலிருந்து விட்டுத் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். மூடிவிட்டு, காற்று வெளியேற நேரம் கொடுத்து மெதுவாக நிரப்புங்கள். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு மட்டம் இறங்கினால் மேலும் விடுங்கள். கலங்கலும் துருவும் ஓயாது வந்தால், அல்லது வெள்ளைப் படிவு தடிப்பாய்த் தெரிந்தால், அதைக் கழற்றித் துப்புரவு செய்வது மெக்கானிக்கின் வேலை.

பச்சை அல்லது சிவப்பு நிறக் கூலன்ற் விட்டிருந்தால் அதை நிலத்தில் ஊற்ற வேண்டாம். அது இனிப்பாக இருக்கும்; நஞ்சு. நாயும் ஆடும் நக்கிச் சாகும். குழந்தைகளுக்கும் ஆபத்து. மூடியுள்ள கலனில் பிடித்து, பெயர் எழுதி, கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

நெடுநாள் நின்ற இயந்திரம்

திரும்பிப் போய்ப் பற்றைக்குள் நிற்கும் பழைய இயந்திரத்தைக் காண்பவர்கள் உண்டு. ரேடியேற்றரின் பித்தளைக்காகக் கைவிடப்பட்ட வாகனங்களைத் தேடிப் போகும் இளைஞர்களும் உண்டு. இவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் வெடிக்காத பொருட்கள் மண்ணுக்குள்ளும் பற்றைக்குள்ளும் நெடுங்காலம் கிடக்கும். துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதி செய்யப்படாத நிலத்தில் நிற்கும் வாகனத்தை நெருங்க வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். ஒரு ரேடியேற்றரின் விலை ஒரு காலின் விலை அல்ல.

உங்கள் கொட்டிலிலேயே நின்ற இயந்திரமானால் முதலில் தடியால் தட்டிப் பாம்பு இல்லையென்று பாருங்கள். பின் றப்பர்க் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு விட்டோ, கல்லுப்போல் இறுகியோ இருந்தால் மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

வயலில் சூடேறிவிட்டால்

உடனே பாரத்தை எடுங்கள். ஆவி சீறாமல் முள் மட்டும் ஏறியிருந்தால் சில நிமிடம் மெதுவாக ஓடவிடலாம், விசிறி ஆற்றும். ஆவி சீறினாலோ, பெல்ற் அறுந்தாலோ, தண்ணீர் கொட்டுண்டாலோ உடனே நிறுத்துங்கள்.

மூடியைத் தொட வேண்டாம். ஏனென்று தெரிந்துகொண்டால் மறக்க மாட்டீர்கள். சாதாரணமாகத் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் மூடி போட்டால் ஏறக்குறைய 111 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அந்த அழுத்தம் போய்விடும். உள்ளேயிருக்கும் தண்ணீர் ஒரே வீச்சில் ஆவியாகி முகத்தில் பாயும். ஆகையால் மேல் குழாயை உள்ளங்கையால் தயக்கமின்றிப் பிடிக்கக்கூடிய அளவு ஆறும்வரை பொறுத்திருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். பின் தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பி, முதலாவது தடை வரை மட்டும் திருகி மிச்ச ஆவியைப் போகவிட்டுத் திறவுங்கள்.

கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடிப்பது போல் எஞ்சின் வெடிக்கும்.

வெளிப்புறம் துப்புரவு, பெல்ற் சரி, தண்ணீரும் நிறைவு, அப்படியும் சூடேறுகிறதா? அப்போதுதான் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். நீங்கள் பார்த்தவற்றை அவருக்குச் சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

நினைவில் வைக்க ஒரு நாட்காட்டி

புரட்டாதி: காலபோக உழவுக்கு முன் உள்ளும் புறமும் முழுத் துப்புரவு.
உழவு நாட்களில்: காலையில் தண்ணீர் மட்டம், மாலையில் சேறும் புல்லும் எடுத்தல்.
சூடடிக்கும் நாட்களில்: மதியம் ஒரு தரம், மாலை ஒரு தரம் முன் வலையைத் தட்டித் தூரிகை போடுதல். முடிந்தால் இயந்திரத்தைக் காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். கூளம் அப்பால் போகும்.
போகம் முடிந்ததும்: கழுவி, காயவிட்டு, கூரையின் கீழ் நிறுத்துதல்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கடந்த போகத்தில் எத்தனை இயந்திரங்கள் சூடேறி நின்றன? எவற்றுக்குத் துப்புரவே போதுமாயிருந்தது?
2. பொது இயந்திரமானால் ஒவ்வொரு நாளும் வலையைத் தட்டுவது யார் பொறுப்பு? அந்தப் பெயரை இயந்திரச் சாவியோடு கட்டி வைக்கலாமா?
3. மழைநீர் பிடிக்க ஒரு பொதுத் தாங்கி எங்கே வைக்கலாம்?

செய்து பாருங்கள்: இன்று மாலை ஒரு பத்திரிகைத் தாளுடன் உங்கள் இயந்திரத்தின் முன்னால் போய் நில்லுங்கள். தாள் ஒட்டுகிறதா, விழுகிறதா என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். விழுந்தால், நாளைக் காலை செய்ய வேண்டிய வேலை எதுவென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.